இப்ப உள்ளதா, அப்ப உள்ளதா?

மாதப்பன் ரெஃப்ரெஷ் பொத்தானை ஒருமுறை அழுத்துவார். திரையில் பக்கம் வந்து நிற்கும். நம்ப மாட்டார், மறுபடி அழுத்துவார். "இது இப்ப உள்ளதா, அப்ப உள்ளதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். கேன்டீனில் சாம்பார் வாளியின் முன்னாலும் இதே கேள்விதான். பரிமாறுகிற மாரம்மா, "உனக்கு மட்டும் நாளைக்கு உள்ளத ஊத்தறேன், வா" என்பார். மாதப்பன் சிரிப்பதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டுவார்.

ஓசூர் தொழிற்பேட்டையில் லாரி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பு. நாற்பதை நெருங்கும் வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். ஏசி அறையில் உட்கார்ந்து வியர்க்கிற ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் பெங்களூர் தலைமை ஆபீசில் இருக்கிறது. ஸ்டாக் விவரம், கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ் போகும் வழி எல்லாமே அங்கேதான் எழுதப்படும். ஓசூரில் பார்க்க வேண்டுமானால் அது டெலிபோன் கம்பி வழியாக வந்து சேர வேண்டும். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மாதப்பன் இதற்கு ஒரு வழி செய்தார். ஒருமுறை வந்த பக்கத்தை ஓசூர்க் கம்ப்யூட்டரே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஆள் கேட்டால் பெங்களூர் வரை போகாமல் அந்த நகலையே நீட்டும். இரவானால் நகல் அழிந்துவிடும், காலையில் புதிது வரும். மானேஜர் சௌந்தரராஜன் அசந்துபோனார். "என்னய்யா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வருது!" என்று முதுகில் தட்டினார். மாதப்பன் நிம்மதியாகத் தூங்கியது அந்த நாட்களில்தான்.

பிறகு மார்கழி வந்தது. ராகி அறுப்பு சமயத்தில் யானைகள் சானமாவுக் காட்டுக்கு வரும். ஒரு நாள் ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும், ஒரு நாள் சூளகிரிப் பக்கம் போய்விடும். வனத்துறைக்காரர்கள் பெங்களூருக்குப் போன் செய்வார்கள். பஸ் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அங்கே பக்கத்தை மாற்றி எழுதுவார்கள். அப்படித்தான் ஒரு நாள் மத்தியானமும் மாற்றி எழுதினார்கள். ஆனால் ஓசூர் கேட்டில் இருந்த திரை, காலையில் எடுத்துவைத்த நகலைக் காட்டியது. 'வழக்கமான வழி' என்று படித்துவிட்டு டிரைவர் நல்லுசாமி வண்டியை எடுத்தார்.

காட்டுக்கு நடுவில் யானைக் கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. நல்லுசாமி என்ஜினை அணைத்தார், விளக்கையும் அணைத்தார். பேக்கிங் பிரிவுப் பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு யானை பஸ்ஸை உரசிக்கொண்டே போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் மாதப்பன் போய்ப் பார்த்தபோது ஒரு ஜன்னலை ஒட்டிச் சேறு காய்ந்திருந்தது. பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அவருடைய மனைவி கெம்பம்மா வழக்கமாக உட்காரும் ஜன்னல் அது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். மாதப்பன் அன்றோடு பஸ் பக்கத்துக்கு மட்டும் நகலை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு முறையும் அது பெங்களூரிலிருந்தே வரவேண்டும். ஆமைபோல் வருகிறது என்று டிரைவர்கள் முணுமுணுத்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "அந்த யானகூட என்ன மறந்துட்டிருக்கும், இந்த ஆளு மறக்க மாட்டேங்குதே" என்பது கெம்பம்மாவின் கேலி. ஆனாலும் தங்கள் ஊரான உத்தனப்பள்ளியில் இறங்கியதும் நாராயணம்மா கடைக்குப் போய், அங்கிருந்து இவருடைய அறைக்குப் போன் போட்டு, வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவாள். அந்த இரண்டு மணி கேட்ட பிறகுதான் இவர் தொண்டையில் டீ இறங்கும்.

போன வாரம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பி செத்துவிட்டது. அத்திப்பள்ளியில் ரோடு தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்களாம். பெங்களூருக்குப் போனும் போகவில்லை. வனத்துறை ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கேட்டில் இருந்த திரை வெறுமையாக நின்றது. ஆனால் கம்ப்யூட்டர் அறையில் ஒரு மிஷினில் காலைப் பக்கம் திறந்தபடி இருந்தது.

"வழக்கமான வழின்னுதான போட்டிருக்கு. அதையே சொல்லி அனுப்புய்யா," என்றார் சௌந்தரராஜன்.

"வேணாங்க சார். அது அப்ப உள்ளது."

"ஒரு வாரமா யானையே இல்லய்யா!"

"யான நம்மகிட்ட சொல்லிட்டா சார் வரும்?"

மாதப்பன் கேட்டுக்குப் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். கெம்பம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ், புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்ல நிக்குங்க. வழிய விடுய்யா!" என்று கத்தினாள். அவர் நகரவில்லை. வெயில் இறங்கியது, கொட்டகை நிழல் நீண்டது, கேட்டில் டியூப் லைட்டைப் போட்டார்கள். அப்புறம்தான் கம்பிக்கு உயிர் வந்தது. பக்கம் மெதுவாகத் திறந்தது: வழக்கமான வழி. இன்னொரு முறை அழுத்தினார். அதேதான். பஸ் கிளம்பிப் போயிற்று.

அதன் சிவப்பு விளக்கு திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெங்களூரில் எழுதும்போது காடு எப்படி இருந்ததோ அதைத்தான் அந்தப் பக்கம் சொல்கிறது. பஸ் காட்டுக்குள் நுழையும்போது அந்தச் சேதியும் பழசாகியிருக்கும். நேரத்துக்கு விட்டிருந்தால் வெளிச்சத்திலேயே தாண்டியிருப்பார்கள். யானை தண்ணீருக்கு இறங்குகிற இருட்டு வரைக்கும் பிடித்துவைத்து அனுப்பியது அவரேதான்.

அறைக்குத் திரும்பி அழுத்தினார். வழக்கமான வழி. மறுபடி அழுத்தினார். கோபம் தணிந்து சௌந்தரராஜனே டீ கொண்டுவந்து வைத்தார். டீயில் ஆடை படர்ந்தது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. இரண்டு மணி. நின்றது.

"அப்பாடா!" என்றார் மானேஜர். "வந்து சேந்தாச்சு. டீயக் குடிய்யா."

மாதப்பன் ரிசீவரை எடுத்து நாராயணம்மா கடைக்கு எண்ணை அழுத்தினார்.

"வச்சேசிந்தப்பா! வந்துட்டா, வந்துட்டா. இப்பத்தான் மணி அடிச்சா. பால் வாங்கிட்டுப் போறா, முதுகு தெரியுது."

"கூப்பிடு நாராயணம்மா. ஒரு வார்த்த பேசட்டும்."

கெம்பம்மா வந்தாள். "உசுரோடதான்யா இருக்கேன், போன வெய்யி!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மாதப்பன் ரிசீவரை வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரிசீவரை எடுத்து, அதே எண்ணை மறுபடி அழுத்தத் தொடங்கினார்.