காயப்பட்டவரின் இடம்

1. மார்ச் மாதப் பனியில் வழுக்கி விழுந்து கிரெக்குக்குத் தலையில் அடிபட்டது. கணினித் திரையே பார்க்கக்கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார்.
2. மென்பொருள் பரிசோதனைப் பிரிவில் அவருடைய இடத்துக்கு, அவர் திரும்பும்வரை என்ற ஒப்பந்தத்தில் என்னை எடுத்தார்கள்.
3. ஒஃபிஸ் ஃபன்டசி பேஸ்போல் லீக்கில் இருந்த அவருடைய அணியும் கதிரையோடு சேர்ந்து எனக்கு வந்தது.
4. ஜூனில் அந்த அணி பூட்டப்பட்டது. பிழை என்னுடையது.

உண்மையான வீரர்களைப் பொறுக்கி ஒரு கற்பனை அணி அமைக்க வேண்டும். அவர்கள் மைதானத்தில் செய்வது நமக்குப் புள்ளியாகும். பேஸ்போல் எனக்குத் தெரியாது. விதிகள் பிடித்திருந்தன. காயப்பட்டவரைக் காயப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றிவிட்டு, வெளியிலிருந்து இன்னொருவரை எடுக்கலாம். குணமானதும் அவரைத் திரும்பச் சேர்த்து, ஒருவரை விட்டுவிட வேண்டும். விடும்வரை அணி பூட்டப்பட்டிருக்கும்; எந்த மாற்றமும் செய்யமுடியாது. கிரெக்கின் பந்துவீச்சாளர் ஒருவர் குணமாகி வந்தார். விடக்கூடியவர் அவருக்குப் பதிலாக நான் எடுத்த புதியவர் மட்டுந்தான். மற்றவர்கள் எல்லோரும் கிரெக் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தவர்கள். புதியவர் நன்றாக வீசிக்கொண்டிருந்தார். பத்து நாட்கள் நான் ஒன்றும் செய்யவில்லை. அணி எட்டாம் இடத்துக்கு இறங்கியது.

இதற்கிடையில் மல்வேர்னில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு வேறு கவலை. “மூண்டு மாசமா ஒரு மனிசன் தலையில அடிபட்டுக் கிடக்கிறார். அவற்ற கதிரையில இருந்துகொண்டு ஒருக்கா எட்டிப் பாக்கேல்லையோ?”

“போன் பண்ணிக் கேட்டிட்டுப் போறன், அம்மா.”

“கேட்டா வேண்டாமெண்டுதான் சொல்லுவினம். சும்மா போ.”

தோடம்பழமும் கோழி சூப்பும் கட்டித் தந்தா. அப்பா ஊரில் மோட்டார்சைக்கிளால் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “எப்ப வேலைக்குப் போறியள்?” சுகமாகிவிடுவீர்கள் என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பஸ் ஏறி அஜக்ஸுக்குப் போய், அதுவரை நேரில் கண்டிராத கிரெக்கின் வாசலில் நின்று நானும் அதையே ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் என் பையைப் பார்த்தார். “ஒஃபிஸ் அனுப்பியதா?”

“இல்லை, அம்மா அனுப்பினார்.”

“நான் எப்போது வருவேனென்று உங்கள் அம்மாவுக்கு ஏன் தெரியவேண்டும்?”

எனக்கு முகம் சுட்டது. ஊரில் கேட்டவர்களின் கேள்வியில் இல்லாத ஒன்று என் கேள்வியில் கொஞ்சம் இருந்தது. அவர் திரும்பினால் எனக்கு வேலை இல்லை.

ஆனாலும் உள்ளே கூப்பிட்டார். சூப் குடித்தபடி அணியைப் பற்றி விசாரித்தார். பூட்டியிருப்பதைச் சொன்னேன்.

“இன்னும் விடவில்லையா? அவர் என் ஆளுக்குப் பதிலாகத்தானே வந்தவர்?”

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நன்றாக வீசுகிறார்,” என்றேன்.

“தெரியும். ரேடியோவில் கேட்கிறேன்.”

திரும்பும் பஸ்ஸில் போனிலேயே புதியவரை அணியிலிருந்து விட்டேன். இரண்டு தடவை அழுத்தினால் போதும். மறுநாளே லீக்கில் வேறொருவர் அவரை எடுத்துக்கொண்டார்.

இப்போதைய நிலை இது. கிரெக் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார். என் ஒப்பந்தம் இந்த வெள்ளியோடு முடிகிறது. இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், பதில் இல்லை. அணியை இருவருமாகப் பார்ப்போம் என்று கிரெக் சொல்லியனுப்பினார். ஆகவே லீக்கில் என் பெயர் அவருடைய பெயருக்குக் கீழே இருக்கிறது. ஒஃபிஸ் கதவைத் திறக்கும் அட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்கவேண்டும்.