மகள் எழுதிய பின்சந்து

இன்று பபேடான் பேட்டையில் இருக்கும் என் துணிக்கடையில் கரண்ட் இல்லை. என் மகளும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிற ஆராய்ச்சிப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். அது ஆங்கிலம். அவள் பெயரைத் தாண்டி நான் படித்ததில்லை.

கைலி மாதிரி இடுப்பில் கட்டும் லோஞ்சித் துணி எடுக்க வந்த காலேஜ் டீச்சரம்மா அட்டையைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, இதெல்லாம் படிப்பீங்களா?"

"சும்மா, அப்பப்ப."

"பின்சந்துக் குப்பையால மழையில யார் வீடு முங்குதுன்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கே, படிச்சீங்களா?"

மகள் என்னிடம் சொன்ன அதே விஷயம்; அவள் எழுதியதேதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "புத்தகத்துலயே அதுதான் உசத்தி" என்றேன்.

"ஆமாண்ணே. ஆரம்பமே சிரிப்பு. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுற ஒரு அப்பா, தினம் மூணாவது மாடி ஜன்னல் வழியா குப்பைப் பையைப் பின்சந்துல வீசுறாரு. கீழ்வீட்டம்மா குடை பிடிச்சுக்கிட்டுத்தான் துணி காயப்போடுதாம்."

எங்கள் வீடும் மூன்றாவது மாடி. கீழ்வீட்டம்மாவின் குடையை நானே பார்த்திருக்கிறேன். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

"கற்பனையா இருக்கும்" என்றேன்.

"இல்லண்ணே, அவளோட சொந்த அப்பாவாம். என்னைப் படிக்கவெச்சதும் அவர்தான், அதனாலதான் அவர்கிட்டருந்து தொடங்குறேன்னு எழுதியிருக்கா. மனுசன் இதைப் படிச்சா திருந்திருவாரு, இல்லண்ணே?"

"கண்டிப்பா" என்று துணியை மடித்துக் கொடுத்தேன்.

மனுசன் இன்று காலையும் ஒரு பையை வீசிவிட்டுத்தான் கடைக்கு வந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.