நற்குணக் கட்டம்

திட்டு வாங்கும்போது நிர்மலாவுக்குச் சிரிப்பு வரும். அதனால் மூன்று வேலைகள் போயிருந்தன. நான்காவது, கள்ளக்குறிச்சியில் ராமசாமி நடத்திய திருமணத் தகவல் மையம்.

மாப்பிள்ளைகள் எல்லோரும் கணினிக்குள் ஒரே பட்டியலாக இருந்தார்கள். அதைப் பார்க்க இரண்டு ஜன்னல்கள். ஒன்று பெண் வீட்டாருக்கு; மற்றது ராமசாமிக்கு மட்டும். ஜன்னலுக்குள் சரக்கு கிடையாது. எந்தெந்தக் கட்டத்தை எடுப்பது, மேலே என்ன தலைப்பு போடுவது என்ற உத்தரவுதான். வியூ என்பார்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த மாதம். வந்தவர்கள் முதலில் சாதி உட்பிரிவைக் கேட்டார்கள். ராமசாமி பெண் வீட்டார் ஜன்னலில் அதற்கொரு கட்டம் சேர்த்தார். ஏழு எட்டானது; அவருடைய ஜன்னலிலும் எட்டுதான். அடுத்த வாரம் கணினி படுத்துவிட்டது.

புதுக் கணினிக்குப் பட்டியல் வந்தது, ஜன்னல்கள் வரவில்லை. உத்தரவுகள் ஒரு கோப்பில் கிடைத்தன, தலைப்புகள் வேறொன்றில். முன்பிருந்த ஆள் கட்டங்களுக்கு வெறும் எண்களை வைத்துவிட்டு துபாய் போயிருந்தார்.

"இன்னைக்கே முடி. ஒரு பார்ட்டி திரும்பிப் போனாலும் நாளைக்கு நீ வர வேணாம்" என்றார் ராமசாமி.

நிர்மலா பெண் வீட்டார் தலைப்புகளை ஓர் உத்தரவின் மேல் வைத்தாள். எட்டுக்கு எட்டு. கணினி எண்ணிப் பார்க்கும், படித்துப் பார்க்காது. ஏற்றுக்கொண்டது.

அவள் சரிபார்ப்பதற்குள் வடக்கனந்தல் பச்சமுத்து மகளோடு உள்ளே வந்தார். உளுந்தூர்பேட்டையில் வேறொரு தரகரிடம் போகக் கிளம்பியவர். மறியலில் பஸ் நின்றுவிட்டது.

"நம்ம பகலவன காட்டு நிர்மலா. தங்கமான பையன்" என்றார் ராமசாமி.

மகள் செந்தமிழ்ச்செல்வி மாஸ்க்கை இறக்கிவிட்டுப் படித்தாள். "பேரு பகலவன். உட்பிரிவு இருபத்தொம்போது. வயசு டிப்ளமா."

"எத்தினி டிப்ளமா?" என்றார் பச்சமுத்து.

"சம்பளம் ரிஷிவந்தியம்பா."

"ஊரையே வாங்கிக்கினு வரானா?"

நிர்மலாவுக்குப் புரிந்துவிட்டது. தலைப்புகள் பெண் வீட்டாருடையவை. அடியில் இருப்பது ராமசாமியின் ஜன்னல். அதன் எட்டாவது கட்டத்தில் அவர் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு இருக்கும். அவள் மவுஸைத் தொடுவதற்குள் அந்தப் பெண் அதையும் படித்துவிட்டாள்.

"நற்குணம்: தங்கச்சி பையன். தண்ணி உண்டு. வெளிய சொல்லக் கூடாது."

பச்சமுத்து ராமசாமி பக்கம் திரும்பினார்.

"தரகரே, உங்க தங்கச்சிக்கு எத்தினி பசங்க?"

"ஒண்ணுதாங்க."

ராமசாமி பார்த்த பார்வையில் நான்காவது வேலையும் போயிருந்தது. நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்தது. மேசைக்கடியில் குனிந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கக்கா போற? அடுத்த ஆள காட்டு. நற்குணம் மட்டும் போதும்" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

பச்சமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒருவனுக்குத் தலையில் இருந்தது டோப்பா. ஒருவன் சொன்ன நிலம் சித்தப்பாவுடையது. வெளியே பஸ்கள் நகர ஆரம்பித்தன. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"'கோவக்காரன். நல்லா சமைப்பான்.' இவன பாக்கலாம்பா. கோவம் எனக்கும் வரும், சமையல்தான் வராது."

பச்சமுத்து பணம் கட்டி மகள் பெயரைப் பதிந்தார். நாளைக்கு அண்ணன் மகளையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"ரெண்டு ஜன்னலையும் பழையபடி மாத்திடட்டுங்களா அண்ணே?"

ராமசாமி பச்சமுத்து கட்டிய பணத்தை எண்ணி மேசைக்குள் வைத்தார்.

"மத்த தலைப்பெல்லாம் நேராக்கு. கடைசிக் கட்டம் இருக்கட்டும். நற்குணம்னு போடாத, இதர விவரம்னு போடு. காலைல கொஞ்சம் சீக்கிரமா வந்துடு."