தண்டோரா போட்ட உத்தரவு

யுத்த காலத்தில் சப்ளை ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பெரம்பலூர் பக்கத்து ஊர்களில் நெல் கொள்முதல் நடந்துகொண்டிருந்தது. தலையாரி தண்டோரா போடுவார். கூட்டம் சேர்ந்ததும் நான் உத்தரவை உரக்கப் படிப்பேன்: "சாப்பாட்டுக்கும் விதைக்கும் உள்ளதை விட்டு, மிச்ச நெல்லைச் சர்க்காருக்குக் கொடுக்க வேண்டியது." தொண்டை கிழியப் படித்தேனே தவிர, அதை யாரும் காதில் வாங்குவார்கள் என்று நினைத்ததில்லை.

அடுத்த வாரம் குரும்பலூருக்கு அருகே நான் உத்தரவு படித்திருந்த ஓர் ஊருக்கு எங்கள் சப்ளை இன்ஸ்பெக்டரோடு போனேன். மேலிடத்தில் கேட்ட அளவு நெல் சேரவில்லை என்று மனிதர் காலையிலிருந்தே எரிந்து விழுந்துகொண்டிருந்தார். செல்லம்மாள் என்ற விவசாயி வீட்டில் மிச்ச நெல்லை அளந்து வண்டியில் ஏற்றியாயிற்று. உள்ளே சின்னக் குதிரில் விதைநெல் இருந்தது.

"அதையும் அள்ளுங்கய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விதையும் போனால் அந்தக் குடும்பம் அடுத்த போகம் எதை விதைக்கும்?

செல்லம்மாள் குதிருக்கு முன்னால் மறித்து நின்றார். "இது வெதைங்க. இத விட்டுடுவோம்னுதானே தண்டோரா போட்டீங்க?"

"ஏம்மா, சர்க்காருக்கே சட்டம் சொல்றியா?"

"நான் எங்கங்க சொன்னேன்? நீங்க சொன்னதத்தான் சொல்றேன். மாத்திட்டீங்கன்னா மறுபடி தண்டோரா போடுங்க. ஊரு கேக்கட்டும். அப்பறம் அள்ளுங்க."

"இந்தம்மாவ இழுத்து வெளிய வுடுய்யா" என்று கூட வந்திருந்த போலீஸ்காரரிடம் கத்தினார் இன்ஸ்பெக்டர்.

அடுத்து நடந்ததை இன்றும் நம்ப முடியவில்லை. வாசலில் நின்ற வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டார். பின்னால் நின்ற வண்டிகளிலும் மாடுகள் அவிழ்ந்தன. "தண்டோரா போட்டதுக்குத்தாங்க வண்டி வரும்" என்றார் அவர். சர்க்கார் கேட்டால் மறுபேச்சில்லாமல் வண்டி கொடுக்கும் ஊர் அது! போலீஸ்காரரும் நின்ற இடத்திலேயே நின்றார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா படிச்சே?"

"ஆமாங்க சார். உத்தரவு அதுதாங்க."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் முகம் கறுத்து வெளியேறினார். பிறகு வண்டிகளைப் பூட்டினார்கள். அளந்த நெல் மட்டும் வந்தது.

வேலை போகவில்லை; அரியலூருக்கு மாற்றல் வந்தது. சில வருஷத்தில் நாட்டுக்கு அரசியல் சாசனமும் வந்தது. சர்க்காருக்கும் எல்லை உண்டு என்று ஆபீஸில் எல்லோரும் அதிசயமாகப் பேசினார்கள். எனக்குக் குதிர்தான் கண்முன் வந்தது.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துத்தான் நாம் உத்தரவைப் படிக்கிறோம். நாம் எதைத் தொடக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஊர் ஊராக அந்த வரியைப் படித்தவன் நான். அதைக் காப்பாற்றியது குதிருக்கு முன்னால் நின்ற செல்லம்மாள்.