வீரக்குட்டியண்ணை வென்ற வழக்கு

கனடாவில், பார்க்டேலில் எங்கள் வீட்டு முன்ஹோலை வாடகைக்கு எடுத்திருந்த வீரக்குட்டியண்ணை எவரையும் இலகுவில் நம்பமாட்டார். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். யாராவது மணி அடித்தால் திரைச்சீலை ஓரத்தால் கீழே பார்த்த பிறகுதான் கதவடிக்கு வருவார். என் கணவருடன்கூட அளந்துதான் பேசுவார். நான் அதிகம் கதைக்காதவள் என்பதாலோ என்னவோ, என்னிடம் மட்டும் சில விஷயங்களைச் சொல்லியிருந்தார்.

அவருடைய தம்பியை ஊரில் இராணுவம் பிடித்துப் போனது. குற்றம் எதுவும் இல்லை என்று நீதவான் விடுதலை செய்தார். தம்பி நீதிமன்றப் படியிறங்கி வெளிவாசலுக்கு வர, அங்கே நின்ற ஜீப்பில் மறுபடி ஏற்றினார்கள். அதன்பிறகு அவன் திரும்பவில்லை.

"எங்கட ஊரில கோட்டுக்கு அதிகாரம் கேற் வாசல் வரைக்கும்தான், தங்கச்சி" என்பார்.

அண்ணை தன்னை அகதியாக ஏற்கும்படி கனடாவிடம் கேட்டிருந்தார். ஓர் அதிகாரி அவரை விசாரித்து எழுதிய தாள்கள் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போயின. அங்கிருந்து இல்லை என்று பதில் வந்தது. மேன்முறையீட்டுச் சபைக்கு எழுதினார். சபையும் தாள்களை மட்டும் படித்து, அவருடைய முகத்தைப் பாராமலே மறுத்தது. ஊரில் தாய்வீட்டில் இருந்த மனைவி மங்கையற்கரசியை, அவரை ஏற்றுக்கொண்டால்தான் கூப்பிடலாம்.

எண்பத்தைந்தில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வேறு சிலருடைய வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆளை நேரில் கேளாமல் இப்படி மறுக்கக்கூடாதாம். அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய சட்டத்தரணி பெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நாளில் என் கணவருக்கு வேலை என்பதால் நான் கூடப்போனேன். அண்ணை தன் கதை முழுவதையும் மனப்பாடம் செய்து வந்திருந்தார். ஆனால் மூன்று நீதிபதிகளில் ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்தரணிகள் மட்டுமே பேசினார்கள். இடைவேளையில் எங்கள் சட்டத்தரணியும் அரசாங்கச் சட்டத்தரணியும் தண்ணீர்க் குழாயடியில் நின்று சிரித்துக் கதைத்தார்கள். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் கண்டேன். எனக்கும் அது நல்லதாகப் படவில்லை.

சபையின் மறுப்பு செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். மொழிபெயர்க்க வந்த கிளடிஸ் அன்ரி, வென்றுவிட்டோம் என்றா. தன்னை ஏற்றுக்கொண்டார்களா என்று அண்ணை கேட்டார். இல்லையாம், இனித்தான் அந்தச் சபை நேரில் கூப்பிட்டு விசாரிக்குமாம். அண்ணையின் முகம் இருண்டுபோயிற்று. இல்லை என்று சொன்ன அதே இடத்துக்கே திரும்பப் போவதா?

அன்றிரவு எங்கள் வீட்டுக்கு வந்த மேல்மாடி இராஜரட்ணம், சட்டத்தரணி இரண்டு பக்கமும் விலைபோய்விட்டார் என்று அடித்துச் சொன்னார். "வெண்ட கேஸுக்கு மறுபடி விசாரணையோ? இது தாலி கட்டினாப் பிறகு பொம்பிளை பாக்கப் போற கதை" என்று அவர் பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை எழுந்து போய்விட்டார். மறுநாள் என்னிடம், விசாரணைக்குப் போகமாட்டேன் என்றார். போகாவிட்டால் கேஸ் விழுந்துவிடும். என் கணவர், நமக்கேன் வம்பு என்றார். நான் யாரிடமும் வலியப்போய் ஒன்றும் கேட்காதவள். ஆனாலும் கிளடிஸ் அன்ரிக்கு டெலிபோன் எடுத்தேன்.

அன்ரி ஒழுங்குசெய்து எங்களைக் கூட்டிப்போன சட்டத்தரணியின் அலுவலகத்தில் அண்ணை நேரே கேட்டார். பிழை என்று தெரிந்த நீதிபதி தானே ஏற்றுக்கொள்ளலாமே? சட்டத்தரணி சொன்னதை அன்ரி தமிழில் சொன்னா. யார் அகதி என்று முடிவுசெய்யும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை. விசாரித்த முறை சரியா என்று மட்டுமே அது பார்க்கும். பிழையென்றால் முடிவை இரத்துச் செய்து, சரியாக விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பும்.

"தெரிஞ்சும் தராத கோட்டு என்ன கோட்டு?" என்றார் அண்ணை.

அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் போகாட்டி உங்கட மனுசியை ஆர் கூப்பிடுறது? உந்தச் சந்தேகமோ கூப்பிடும்?"

 நான் விசாரணைக் கட்டட வாசலில் காவல் நின்றால் வருவதாக அண்ணை கடைசியில் சொன்னார்.

விசாரணை நாளில் குளிர்காற்றுக்குள் நின்றேன். நிற்கிற வாகனம் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒரு பேக்கரிப் பாண் வான் வந்து எனக்கு முன்னால் நின்றபோது அதன் ஓட்டுநரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைப் பிடித்துப் போனால் நான் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. மத்தியானம் தாண்டித்தான் வெளியே வந்தார்.

ஸ்ரீற்கார் என்கிற ட்ராமில் ஏறிய பிறகு சொன்னார்: "தம்பியப் பத்திக் கேட்டாங்க. மெதுவாச் சொல்லட்டாம். ஏன் மெதுவா?"

"எழுதுறதுக்காக்கும், அண்ணை."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்துச் சபை அவரை அகதியாக ஏற்றது. சட்டத்தரணி கைகொடுத்தபோதும் அண்ணை சிரிக்கவில்லை. இதை யாராவது திருப்பிப் பறிக்கலாமா என்று கேட்டார். அரசாங்கம் விரும்பினால் முன்பு போன அதே பெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார் சட்டத்தரணி. அரசாங்கம் போகும் என்று அவர் நினைக்கவில்லையாம்.

அண்ணை யோசித்தார். "அந்தக் கோட்டு, நான் அகதி இல்லையெண்டு தானாச் சொல்ல ஏலுமா?"

அன்ரி கேட்டுச் சொன்னா. "ஏலாது. அதுக்கும் அதிகாரம் இல்லை. பிழை கண்டாலும் திருப்பிச் சபைக்குத்தான் அனுப்பும்."

இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். அதே பதில்தான் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் கேட்டாய்தானே, தங்கச்சி?"

"ஓம், அண்ணை."

"அப்ப மங்கையற்கரசியை வரச் சொல்லலாம்" என்றார்.