எதுவும் நடக்காத காட்சி

அவளுடைய பெயர் படப்பிடிப்புத் தளத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவள் ‘வசனம்’. “வசனம் வந்தாச்சா?” என்பார் டைரக்டர். “வசனத்துக்கு டீ குடுத்தாச்சா?” என்பார் மேனேஜர். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அவள் எழுதிய தொடர்களில் மாமியார்கள் மாடிப்படியில் உருண்டிருக்கிறார்கள். மருமகள்கள் நினைவு தப்பியிருக்கிறார்கள். செத்துப்போன கணவன் ஒருவன் வேறு முகத்தோடு திரும்பி வந்திருக்கிறான். பழைய நடிகர் கோபித்துக்கொண்டு போய்விட்டதால், ஒரு தீ விபத்தையும் ஒரு முக அறுவை சிகிச்சையையும் எழுதி அந்த இக்கட்டைச் சமாளித்தவள் வசனம். நடிகைக்கு அழுகை வராவிட்டால் கிளிசரின் புட்டியைத் தேடுவதற்கு முன் அவளைத் தேடுவார்கள்.

வீட்டில் அவளோடு வாழ்ந்தவள் ஒரு கண்ணாடிக் கடைக்காரி. கடைத்தெருவில் சொந்தமாகக் கடை வைத்து, கண் பரிசோதித்து, மூக்குக்கண்ணாடி விற்பவள். ஓயாத தலைவலி என்று வசனம் ஒருநாள் அந்தக் கடைக்குப் போனாள். பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னால், தெரியாத எழுத்துகளுக்கெல்லாம் தானே எழுத்து இட்டுக்கட்டிப் படித்தாள். “அங்க என்ன இருக்கோ அதப் படிங்க. உங்களுக்குத் தோணுறத இல்ல” என்று கடைக்காரி அதட்டினாள். அந்த அதட்டலில் விழுந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இப்போது இருவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது.

கடைக்காரியின் அம்மாவும் அவர்களோடுதான் இருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, தேறும்வரை இருக்கட்டும் என்று அழைத்து வரப்பட்டவள், தேறிய பிறகும் போகிற பேச்சையே எடுக்கவில்லை. வசனத்தை யாரிடமாவது குறிப்பிட வேண்டி வந்தால் “எங்ககூட இருக்கிற பொண்ணு” என்பாள். அதற்கு மேல் அவள் கேட்டதும் இல்லை, மற்ற இருவரும் சொன்னதும் இல்லை. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு ஒன்றாகச் சாப்பிடுவதில் அந்த வீட்டுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

இந்த நிலையில்தான் சேனல்காரர் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். கதைகளை மேற்பார்வை பார்க்கச் சேனல் நியமித்த ஆள் அவர். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது ‘அசல்’ என்ற சொல்லோடு வந்தார்.

“நம்ம சீரியல்ல ரெண்டு பொண்ணுங்க காதலிக்கணும். அசலா இருக்கணும்” என்றார்.

யார் யார் என்று உடனே முடிவாயிற்று. பங்களா வீட்டின் இளைய மகள் ஒருத்தி. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வரும் உயரமான பெண் இன்னொருத்தி.

“ஆனா குடும்பத்தோட உக்காந்து பாக்கிற மாதிரி இருக்கணும். தொடவே கூடாது. கண்ணாலயே எல்லாம் தெரியணும். ரொம்பத் தெரிஞ்சிடவும் கூடாது. முடியுமாக்கா?”

வசனம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவள் எழுதாமல் விட்டிருந்த ஒரே காதல் அதுதான். “செஞ்சிடலாம் சார்” என்றாள்.

எழுதியும் கொடுத்தாள். பழக்கதோஷம் யாரை விட்டது! பேனாவை எடுத்ததும் கை வழக்கமான பாதையில் போய்விட்டது. “நீ என் மூச்சு. மூச்சுக்கு முகவரி கேக்குது இந்த உலகம்” என்றாள் இளைய மகள். பெரிய மின்விசிறியை வைத்து இருவர் தலைமுடியையும் பறக்கவிட்டார்கள். ஒரே பார்வையை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டினார்கள். சேனல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அசல்! அசல்!” என்றார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று வீட்டில் அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். “பாவம், அந்தப் பொண்ணுங்கள சேத்து வச்சா என்ன குறைஞ்சு போகுது இவங்களுக்கு?” என்று திரையில் இருந்த பெரியவர்களைத் திட்டினாள். கடைக்காரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பார்த்தாள்.

“மூச்சுக்கு முகவரியா?”

“ஏன், நல்லா இல்லயா?”

“நீ என்கிட்ட கடைசியா பேசின வசனம் ‘குழாய ஒழுங்கா மூடித் தொலை’. அதுக்கு முன்னாடி பேசினது ‘என் செருப்ப யாரு போட்டுட்டுப் போனது?’ இவங்க ரெண்டு பேரும் எப்பவாவது சாப்பிடுவாங்களா? இல்ல, இப்படிக் காத்துல நின்னுக்கிட்டேதான் இருப்பாங்களா?”

“சீரியல்னா அப்படித்தான்.”

“மத்தவங்க கதைய நீ எப்படி வேணா எழுதிக்கோ. இது நம்ம கதை இல்லயா?”

வசனத்துக்குச் சுருக்கென்றது. கணவன் மனைவிகளை எத்தனையோ வருஷமாக அவள் இஷ்டத்துக்கு அழவைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் தட்டிக் கேட்க அவள் வீட்டில் ஒரு கணவன் இல்லை. இப்போது கேட்க ஆள் வந்துவிட்டது.

மறுநாள் உட்கார்ந்து புதிதாக ஒரு காட்சி எழுதினாள். இருவரும் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டுக்கு இளைய மகள் திரும்புகிறாள். சாவியைத் தொலைத்துவிட்டாள். “மறுபடியுமா?” என்று திட்டிக்கொண்டே மற்றவள் கதவைத் திறக்கிறாள். இருவரும் சோபாவில் உட்காருகிறார்கள். கால் வலி என்று இவள் காலை நீட்ட, அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். துணியை இன்றைக்குத் துவைப்பதா, மழை வருமா என்று பேசுகிறார்கள். அவ்வளவுதான்.

சேனல்காரர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “இதுல காதல் எங்கக்கா இருக்கு?”

“கால் மடியில இருக்கே சார்.”

“கல்யாணமாகி ரொம்ப நாளானவங்க மாதிரி இருக்காங்களே! இவங்க அப்படியெல்லாம் இருக்கமாட்டாங்கக்கா. இவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு வலி இருந்துக்கிட்டே இருக்கும். வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க.”

“முட்டி வலி வேணா இருக்கு சார்” என்றாள் வசனம். பிறகு, தானே எதிர்பாராமல், “நான் அப்படித்தான் இருக்கேன். வீட்ல. ஒரு பொண்ணோட. ரொம்ப வருஷமா” என்றாள்.

டைரக்டர் தன் டீக்கோப்பைக்குள் எதையோ தேடினார். வேலை போயிற்று என்றே வசனம் நினைத்தாள்.

சேனல்காரரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அறுவடைக்கு வந்த வயலைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். “அக்கா! இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே! நம்ம நடிகைங்க ரெண்டு பேரயும் ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு அனுப்பறேன். கூடவே உக்காந்து பாத்துக் கத்துக்கட்டும்!”

வெளியே வந்ததும் டைரக்டர் பக்கத்தில் வந்து, “எனக்கு எப்பவோ தெரியும்” என்றார்.

“எப்படி சார்?”

“தினமும் சாயங்காலம் உனக்கு போன் வருது, ‘சாப்டியா, எப்ப வருவே’ன்னு. எந்தப் புருஷன் அப்படிக் கேக்கறான்?”

வீட்டில் சொன்னதும் கடைக்காரி சீறினாள். “நம்மளப் பாக்க வராங்களா? நாம என்ன மிருகக்காட்சி சாலையா?” என்றாள். ஆனால் சனிக்கிழமையே ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டாள். நடிகைகள் வருகிறார்கள் என்றதும் அம்மா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டாள்.

நடிகைகள் இருவரும் வந்து சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்த நிமிஷம் முதல் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் நடக்க மறந்துவிட்டது, உட்கார மறந்துவிட்டது. “நீங்க டீ சாப்பிடறீங்களா?” என்று கடைக்காரி வசனத்தைக் கேட்டாள். வாழ்நாளில் முதல்முறையாக வந்த ‘நீங்க’. “உங்களுக்குச் சிரமம் இல்லன்னா குடுங்க” என்றாள் வசனம். இவ்வளவு மட்டமாக வசனம் எழுதியதாக அவளுக்கு நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கொள்ளையடிக்க வந்து மாட்டிக்கொண்டவர்கள்போல் இருவரும் சுவரோரம் நின்றார்கள். உயரமான நடிகை கொட்டாவியை அடக்கினாள். அம்மாதான் கூச்சமே இல்லாமல், போன வருஷம் செத்துப்போன மாமியார் பாத்திரம் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று கடைக்காரி இளைய நடிகையின் முகத்தருகே குனிந்தாள். “அந்தக் காலண்டர்ல என்ன போட்டிருக்கு, படி.”

“எந்தக் காலண்டர்?” என்றாள் அவள்.

ஊரே உருகிய அந்த ஏக்கப் பார்வையின் ரகசியம் அப்போதுதான் வெளியே வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கிட்டப்பார்வை. எதிரே நிற்பவள் யாரென்று தெரியாமல் கண்ணைச் சுருக்கித் தேடியிருக்கிறாள். அதைக் காதல் என்று நாடு கொண்டாடிக்கொண்டிருந்தது. கடைக்காரி அப்போதே அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற அவசரத்தில் கடைச் சாவியை மறந்துவிட்டதாக நினைத்துத் திரும்பி வந்து, “சாவிய எங்க வச்சுத் தொலைச்சே?” என்று வசனத்தின் மேல் பாய்ந்தாள். “உன் கையிலதான் இருக்கு!” என்று வசனம் பதிலுக்குக் கத்தினாள். உயரமான நடிகை அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் லென்ஸ் மாட்டிக்கொண்டு நடித்த இளைய நடிகை எல்லோரையும் பளிச்சென்று பார்த்தாள். “அந்த ஏக்கம் எங்கக்கா போச்சு?” என்று சேனல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எழுதி ஒதுக்கிய காட்சிக்கு வாழ்வு வந்தது கதாநாயகனுக்கு வந்த அம்மையால். அவர் முகமெல்லாம் கொப்புளத்தோடு படுத்துவிட்டார். மறுநாள் ஒளிபரப்ப வேண்டிய பகுதியில் பெரிய ஓட்டை விழுந்தது. “வசனம், அந்தக் கால் சீன எடு” என்றார் டைரக்டர். மின்விசிறிக்கும் நேரமில்லை, பின்னணி இசைக்கும் நேரமில்லை. உயரமான நடிகை மற்றவளின் காலை எடுத்து மடியில் போட்டு, எங்கோ பார்த்துக்கொண்டே கணுக்காலை அமுக்கிவிட்டாள். துணி துவைப்பதைப் பற்றிப் பேசினார்கள். மழை வரும் என்றாள் ஒருத்தி, வராது என்றாள் இன்னொருத்தி.

வீட்டில் மூன்று பேரும் பார்த்தார்கள். விளம்பரம் வந்ததும் அம்மா, “இன்னிக்கு ஒண்ணுமே நடக்கல” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நாளைக்கும் இப்படியே இருந்தா நல்லா இருக்கும்” என்றாள். கடைக்காரி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவள் கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. மூக்குச் சிவந்து திரும்பி வந்தாள். எத்தனையோ வீடுகளை அழவைத்த வசனம், சொந்த வீட்டில் அவளை அழவைத்தது அன்றைக்குத்தான்.

சேனலுக்குப் புகார்கள் வந்தன. அந்தச் சோபா உறை எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள், ஆனால் புகார்தான் மேலிடத்துக்குப் போனது. சேனல்காரர் வசனத்தைக் கூப்பிட்டு மனம்விட்டுப் பேசினார்.

“ஒண்ணும் நடக்காததுதான் பிரச்சினைக்கா. அழுதா, ஐயோ பாவம்னு விட்டுடுவாங்க. செத்தா, விருதே குடுப்பாங்க. இவங்க நிம்மதியா உக்காந்து துணி துவைக்கிறதப் பத்திப் பேசினா எப்படிப் பொறுத்துக்குவாங்க? ஒரு லாரிய விட்டு அந்த உயரமான பொண்ண முடிச்சிடலாம்.”

“கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கிறவ லாரியில அடிபடுவாளா சார்?”

“அதுலதான் சோகமே இருக்கு.”

“எத்தனையோ பேரக் கொன்னிருக்கேன். இவளக் கொல்ல எனக்குக் கை வராது. வேற ஆளப் பாத்துக்கோங்க.”

கடைசியில் சமரசமாயிற்று. அந்தப் பெண் மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்பப்பட்டாள். தொடர்களில் வெளிநாடு என்பது ஒரு பரண். வேண்டாதவர்களை அங்கே ஏற்றிவிடலாம், வேண்டும்போது தூசி தட்டி இறக்கிக்கொள்ளலாம். அந்த வருஷம் தொடருக்குத் ‘துணிச்சலான முயற்சி’ என்று விருது கிடைத்தது. சேனல்காரர் மேடையேறி வாங்கிக்கொண்டு, தன் மனைவிக்கு நன்றி சொன்னார்.

வசனம் அந்தத் தொடரை விட்டுவிட்டு ஒரு பேய்த் தொடருக்கு எழுதப் போனாள். அதற்கும் மேற்பார்வை அதே சேனல்காரர்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டில் நெடுங்காலமாக ஒரு பேய். அங்கே புதிதாக வந்து சேரும் இன்னொரு பேய்.

“ரெண்டும் பொம்பளப் பேயாக்கா?”

“ஆமா சார்.”

“ஒரே ரூம்லயா?”

“பேய்க்கு ரூம் ஏது சார்? சுவத்துக்குள்ள போயி வரும்.”

“பேய்தானே, சரி” என்று அவர் கையெழுத்துப் போட்டார். தணிக்கைக்காரர்கள் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்கள்: பேய்கள் புகைபிடிக்கக் கூடாது. மற்றபடி இரண்டும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டன. ஒன்று கோபித்துக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்தால் மற்றது போய்ச் சமாதானம் செய்து இறக்கிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டார் பயந்து காலி செய்தால் சேர்ந்து சிரித்தன. ஒருவரும் புகார் செய்யவில்லை. லாரியை விட்டு ஏற்றவும் வழியில்லை. இரண்டும் ஏற்கெனவே செத்தவை.

அம்மா ஒருநாள் தொடரைப் பார்த்துக்கொண்டே, “இந்த ரெண்டு பேயும் உங்க ரெண்டு பேர் மாதிரியே இருக்கு” என்றாள்.

கடைக்காரி கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “எதுலம்மா?” என்றாள் வசனம்.

“எல்லாத்துலயுந்தான். நாள் முழுக்க ஒண்ண ஒண்ணு பிடுங்குது. ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு தவிச்சுப் போகுது.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “கதைய முடிக்கிறப்போ பிரிச்சு கிரிச்சு வச்சிடாதே. இந்த வயசுல எனக்குத் தாங்காது.”

“பிரிக்கமாட்டேன்மா.”

சில நாள் கழித்துக் கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி ஒருத்தி மாடிப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். வசனம் அப்போதுதான் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டி வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள்.

“இவங்க உங்களுக்கு யாரும்மா? சொந்தமா?”

அம்மா நிதானமாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, “என் பொண்ணோட வீட்டுக்காரி” என்றாள்.

“அப்படியா? வாடகை ஜாஸ்தி கேக்கறாங்களா?” என்றாள் அந்தப் பெண்மணி.

“வருஷா வருஷம் ஏத்துறா” என்று சொல்லிவிட்டு, அம்மா மேலே ஏறிப் போனாள்.