அப்பாவின் தோலில் வந்த கட்டிகள்

அப்பாவுக்குத் தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் கட்டிகள் கிளம்பியபோது யாருக்கும் புற்றுநோய் நினைவுக்கு வரவில்லை. புராஸ்டேட் புற்றுக்கு அவர் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பரவினால் எலும்புக்குப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முதுகு வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தோலின் தரம் பார்ப்பது என் வேலை. உண்ணிக்கடி, அம்மைத் தழும்பு, கத்திக் கீறல் என்று பார்த்ததும் பிரித்துவிடுவேன். இந்தக் கட்டிகள் எதிலும் சேரவில்லை. சிவந்து, கெட்டியாக இருந்தன; சில உடைந்து கசிந்தன. பதனிடாத பச்சைத்தோல் கிடங்கிலேயே மூக்கைப் பொத்தாத நான், அப்பாவின் துணியை மாற்றும்போது பொத்திக்கொண்டேன்.

அதைவிட நாறியது அத்தையின் பேச்சு. அப்பாவின் சொந்தத் தங்கை. கட்டி எங்கே என்று விசாரித்துவிட்டு அம்மாவைச் சமையலறைக்குள் அழைத்துப் போனாள்.

"அந்த எடத்துல சும்மா வருமா அண்ணி? லாரி ஓட்டிக்கினு ஊர் ஊரா போனவரு. கொஞ்சம் தள்ளியே இருங்க."

அன்றே அம்மா அப்பாவின் தட்டு, டம்ளர், சோப்பு, துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்து, மெடிக்கல் ஷாப் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தார். அத்தைக்கு வந்த சந்தேகம் அவருக்கே இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

காய்ச்சல் கண்டதும் கார் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனேன். அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். சதை எடுத்துச் சோதித்தார்கள். புராஸ்டேட் புற்றுதான் தோலுக்கு வந்திருக்கிறது, அபூர்வம், இப்படி வந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம், இனி வேதனையைக் குறைக்கத்தான் முடியும் என்றார் டாக்டர்.

அப்பா முழுவதையும் கேட்டார்.

"அப்போ அது வேற வியாதி இல்லியே டாக்டர்? இவ எதிர்ல சொல்லுங்க."

இல்லை என்றார் டாக்டர். அம்மா பெருமூச்சு விட்டாள். வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கி அப்பாவிடம் கொடுத்து, அவர் குடித்த மிச்சத்தை அதே கப்பில் குடித்தாள். அப்பா சிரித்தார். எனக்கு இருவரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மா அத்தைக்கு போன் போட்டாள்.

"கேன்சர்தான். தோலுக்கு வந்துகீது. வேற ஒண்ணும் இல்ல."

"நல்ல வேளை அண்ணி," என்றாள் அத்தை.

அம்மா ஆமாம் என்றாள்.